ஒதியெர்ன் என்று கூப்பிடாதே

குளிர்காலத் தொடக்கத்தில் வரும் புனித மார்ட்டின் திருநாள் முடிந்த நான்காம் நாள், மழை கொஞ்சம் விட்டிருந்த மத்தியான நேரத்தில், பெரோனெல் தன் ஏழு வயது மகளோடும் ஒரு நொண்டிக் கழுதையோடும் அந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தாள். கழுதையின் முதுகில் ஓர் இரும்புச் சட்டி, இரண்டு கம்பளி, செத்துப்போன கணவன் ஓபெரியின் கல் உளிகள். உளிகளை, முன்பு குடியிருந்த ஒசேர் நகரத்திலேயே யாருக்காவது கொடுத்திருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை.

கிடைத்தது சின்ன வேலைதான். அங்கிருந்த சிற்றாலயத்தின் பீடத் துணிகளைத் துவைக்க வேண்டும், தரையைப் பெருக்க வேண்டும், விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். பதிலுக்கு ஆலயத்தை ஒட்டிய ஒற்றை அறை வீடும், மாவும் விறகும். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவளுக்கு இதற்குமேல் யார் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள்? வீட்டின் கூரை ஒழுகவில்லை என்பதைப் பார்த்ததுமே பெரோனெல் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

ஆலயத்தின் கூரையிலிருந்துதான் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வடக்குச் சுவரோரமாக, அந்தத் தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. சுற்றுவட்டாரம் முழுவதையும் பன்றிகள் கிளறி மொட்டையாக்கி வைத்திருந்தன. அந்த ஒரு பட்டையை எந்தப் பன்றியும் தொடவில்லை. கழுதைக்கு நல்ல தீனியாச்சே என்று பெரோனெல் அதை அந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பசியோடு வந்த கழுதை நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு வர மறுத்துவிட்டது.

சாயங்காலம் ஆனது. அடுப்பு பற்றிக்கொண்டது. புது ஊரைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று போன மகள் இன்னும் வரவில்லை. பெரோனெல் வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

“ஒதியெர்ன்!”

எங்கோ விறகு பிளந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

“ஒதியெர்ன்! எங்கடி போய்த் தொலைஞ்ச? கஞ்சி ஆறுது!”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்கு அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது. வாசலுக்கு வாசல் பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தியும் பெரோனெலைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஆலயத்தின் வடக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவர் மூலையைச் சுற்றிக்கொண்டு மகள் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பல கால்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. வெறும் கால்கள், சின்னக் கால்கள், ஈரத் தரையில் சப் சப்பென்று.

வாசலுக்குப் பத்தடி முன்னால் அந்தச் சத்தம் நின்றது.

அங்கே யாரும் இல்லை.

“யாரோடடி விளையாடின?” என்று கஞ்சியை ஊற்றிக்கொண்டே கேட்டாள் பெரோனெல்.

“பேரு தெரியலம்மா. கேட்டா என் பேரையே திருப்பிச் சொல்றாங்க.”

“கிண்டல் பண்றாங்க. இந்தப் பேரை அவங்க கேட்டிருக்க மாட்டாங்க.”

அது அபூர்வமான பெயர்தான். ஓபெரி தேடிப் பிடித்த பெயர். ஏதோ ஒரு பழைய பிரபுக் குடும்பத்துச் சீமாட்டியின் கல்லறைக் கல்லைச் செதுக்கும்போது அந்த எழுத்துகளை அவன் வெட்டினான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற குருமாணவனிடம் அர்த்தம் கேட்டான். லத்தீனில் ‘இன்றைய நாளுக்கு உரியவள்’ என்று பொருளாம். அவர்களுக்கு அதற்கு முன் பிறந்த மூன்று குழந்தைகளும் போய்விட்டிருந்தன. நான்காவது பிறந்தபோது மருத்துவச்சி, இதுவும் தங்காது என்று கையை விரித்துவிட்டாள். ஓபெரிக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னைக்கு இருக்கால்ல? அது போதும். இன்னைக்குன்னே பேரு வை” என்றான். அன்றிலிருந்து சாகும்வரை, தினமும் காலையில் கண் விழித்ததும் அவள் படுத்திருக்கும் பக்கம் எட்டிப் பார்த்து, “இன்னைக்கும் இருக்கா” என்பான். அவன் விட்டுப்போன சொத்து அந்த உளிகளும் அந்தப் பெயரும்தான்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு ரிஷோ வந்தாள். ஐம்பதை நெருங்கும் விதவை, பன்றி மேய்ப்பவள். அவள் வாய்க்குப் பயந்து பங்குச்சாமியே பூசையைச் சீக்கிரம் முடிப்பார் என்று ஊரில் சொல்வார்கள். வணக்கம் இல்லை, நலமா என்ற கேள்வி இல்லை. நேராக உள்ளே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நேத்து யாரைக் கூப்பிட்ட நீ?”

“என் பொண்ணை அக்கா. அதோ தூங்குறா பாருங்க.”

“அவ பேரு அதுவா? நெசமாவா? எந்தப் பைத்தியக்காரன் வச்சான்?”

“அவ அப்பா.” பெரோனெலுக்கும் சுருக்கென்றது. “செத்துப்போனவரைப் பத்தி அப்படிப் பேசாதீங்க. நல்ல பேருதானே? என்ன குறை?”

ரிஷோ தூங்கும் பிள்ளையைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த கை கீழே இறங்கியது. விறகுக் கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இந்தக் கோவிலுக்கு எதுக்கு ஜனங்க வர்றாங்கன்னு உனக்கு யாரும் சொல்லலியா?”

“மாதாவைக் கும்பிட.”

“செத்துப் பொறந்த குழந்தைங்களைத் தூக்கிட்டு வர்றாங்க.” ரிஷோ குரலைத் தாழ்த்தினாள். “ஞானஸ்நானம் இல்லாம செத்தா மோட்சமும் இல்ல, மந்திரிச்ச மண்ணும் இல்லல்ல? அதனால இங்க மாதா முன்னால ஒரு கல்லு இருக்கு, அதைக் கணகணன்னு சூடு பண்ணி, அதுமேல பிள்ளையப் படுக்க வைப்போம். உதட்டு மேல ஒரு வாத்து இறகு. எல்லாரும் முட்டி போட்டு அந்த இறகையே பாக்கணும். இறகு ஒரு தரம் அசைஞ்சா போதும். மூச்சு விட்டுட்டான்னு அர்த்தம். சாமி உடனே தண்ணி ஊத்திப் பேரு வச்சிருவாரு. அப்புறம் இறகு அசையாது. கூரைத் தண்ணி விழுற இடத்துல புதைப்போம். கோவில் கூரைல பட்டு வர்ற தண்ணி தெனம் தெனம் ஞானஸ்நானம் மாதிரி மேல விழட்டும்னு.”

பெரோனெலுக்கு அந்த உயரமான புல் ஞாபகம் வந்தது.

“ஆம்பளப் பிள்ளைன்னா அன்னைக்கு எந்தப் புனிதர் நாளோ அவர் பேரு. பொண்ணுன்னா ஒரே பேருதான். ஆதியில இருந்த சாமியார் ஒருத்தர், செபத்துல ‘இன்றைய நாளில்’னு வர்ற வார்த்தைய எடுத்துப் பேரா வச்சாராம். ஒரு நாள்தானே அதுங்களுக்கு? அந்த ஒரு நாளையே பேராக் குடுத்துட்டாரு. இங்க எங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஒதியெர்ன்னா கூரைக்கடியில தூங்குற பொண்ணு.”

ரிஷோ ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

“என்னோடவளும் அங்கதான் இருக்கா” என்றாள் ரிஷோ. “இறகு அசைஞ்சுது. கதவிடுக்குக் காத்துன்னு என் மாமியா சொன்னா. நான் பாத்தேன்டி. மூச்சுதான். பேரும் வச்சாங்க. கூப்பிடத்தான் நேரம் இல்ல.”

அவள் எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பாமலே பேசினாள்.

“கஞ்சி ஆறுதுன்னு கத்தினியே நேத்து. அந்த மாதிரி நான் ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்ல. இனிமே வெளிய நின்னு கூப்பிடாத. எல்லாம் முழிச்சுக்கும்.”

ஆனால் அவள் போகவில்லை. நிலைக்கல்லைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“ஒரே ஒரு தடவ கூப்பிடேன்” என்றாள்.

மூன்று பிள்ளைகளைப் புதைத்தவளுக்கு மறுக்க எப்படி வாய் வரும்? பெரோனெல் வாசலுக்கு வந்து, சத்தம் போடாமல், பக்கத்தில் நிற்கும் ஆளைக் கூப்பிடுவதுபோல அந்தப் பெயரைச் சொன்னாள்.

வடக்குச் சுவர்ப் பக்கம் புல் அசைந்தது. காற்று இல்லை.

“அம்மா” என்று ஒரு குரல் கேட்டது. ரொம்பச் சின்னக் குரல்.

ரிஷோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்க வேண்டும். பெரோனெல் விடவில்லை. அடுத்த இரண்டு வாரமும் தினமும் பொழுது சாயும்போது அவள் மகளைக் கூப்பிட்டாள். ஊர்ப் பெண்களுக்கும் சரியாக அந்த நேரத்தில்தான் அந்தப் பக்கம் வேலை வந்தது. ஒருத்தி சல்லடை இரவல் கேட்க வருவாள். ஒருத்தி காலி வாளியோடு கிணற்றுக்குப் போவாள், காலி வாளியோடே திரும்புவாள். தச்சன் மனைவி ஒரே கோழியை ஏழு நாள் தேடினாள். யாரும் காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பெயர் காதில் விழுந்ததும் அப்படியே நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இது பாவம் இல்லை, புண்ணியம் என்றுதான் பெரோனெல் நினைத்தாள்.

மகள் மட்டும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தாமதமாக வர ஆரம்பித்தாள். கைகளும் பாதங்களும் ஜில்லென்று இருந்தன. அடுப்பருகே உட்கார்த்தித் தேய்த்துவிட்டாலும் சூடு ஏற நேரமானது.

“கூப்பிட்ட உடனே வந்தா என்னடி?”

“வரத்தாம்மா பாக்குறேன். நீ கூப்பிட்டா எல்லாரும் ஓடி வர்றாங்க. அவங்க சின்னவங்க. அதனால அவங்களை முதல்ல விட்டுட்டு நான் கடைசியா வர்றேன்.”

பெரோனெலின் கை பிள்ளையின் பாதத்திலேயே நின்றுவிட்டது.

“எல்லாரும்னா யாரு?”

“என் பேருக்காரங்க.” பிள்ளை கொட்டாவி விட்டாள். “பாவம்மா. வாசல்வரைக்கும் வருவாங்க. நீ என்னை மட்டும் உள்ள கூட்டிட்டுப் போயிருவ.”

மறுநாள் விடிந்ததும் பெரோனெல் பங்குச்சாமியிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர், பயந்த மனிதர். கிறிஸ்து பிறப்புக்குப் பிறகு வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு ஆயர் வருவார், பிள்ளைக்கு உறுதிபூசுதல் சடங்கு செய்யும்போது பெயரை மாற்றிவிடலாம், சபை வழக்கத்தில் அதற்கு இடம் உண்டு என்றார். அதுவரை வெளியே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார்.

“அப்பா வச்ச பேரு” என்று மகள் அழுதாள்.

“அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ எனக்கு வேணும். பேரு வேணாம்” என்றாள் பெரோனெல். அவளும் அழுதாள். ஓபெரியை இரண்டாம் தடவை புதைப்பதாகவே இருந்தது அவளுக்கு.

அன்றிலிருந்து மகள் ‘கண்ணு’ ஆனாள். பொழுது சாயும் முன்பே பெரோனெல் கதவைச் சாத்திவிடுவாள். ரிஷோவும் மற்றவர்களும் புரிந்துகொண்டு அந்தப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். ஆனால் சாயங்காலம் ஆனால் அந்தக் கால்கள் வந்தன. வாசலுக்குப் பத்தடி தள்ளி வந்து நிற்கும். கூப்பிடுவாளா என்று காத்திருக்கும். அடுப்பு அணையும் நேரத்தில், ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகும். கம்பளிக்குள் மகளை இறுக்கிக்கொண்டு பெரோனெல் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள்.

கிறிஸ்து பிறப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பனிமூட்டம் இறங்கியது. மத்தியானமே மூட ஆரம்பித்து, பெரோனெல் ரொட்டி மாவு பிசைய உட்கார்ந்த நேரத்தில் எதிர்வீடு மறைந்துபோயிருந்தது. வெளியே கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. அவள் கை முழுக்க மாவு.

“நான் பிடிச்சுட்டு வர்றேம்மா!”

“கண்ணு, நில்லு! நில்லுன்னு சொல்றேன்ல!”

மாவுக் கையோடு அவள் வாசலுக்கு வருவதற்குள் பனி பிள்ளையை விழுங்கிவிட்டது.

“கண்ணு! கண்ணு!”

தன் குரலே இரண்டடி தள்ளிப் போய் விழுந்துவிடுவதுபோல இருந்தது. ஆலயத்துக்குப் பின்னால் வாத்துக்குளம். அதற்கப்பால் சதுப்பு. அவள் குளக்கரைவரை ஓடினாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள். எந்தப் பக்கத்திலிருந்தும் பதில் இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஏழு வருஷமாகப் பழகிய பெயர் ஒன்றுதானே. ‘கண்ணு’ என்பது எந்த வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடும் சொல்.

ஒரு லாந்தர் வெளிச்சம் மங்கலாக ஆடிக்கொண்டு வந்தது. ரிஷோ.

“வீட்டுக்குப் போ பெரோனெல். குளத்துப் பக்கம் நான் பாக்குறேன், தச்சன் சதுப்புப் பக்கம் போயிருக்கான். நீ வீட்டுலருந்து கூப்பிடு. குரலைப் பிடிச்சுக்கிட்டு வருவா.”

“கூப்பிட்டுட்டேதான் இருக்கேன் அக்கா!”

“அவ பேரைச் சொல்லிக் கூப்பிடு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“வேற வழியில்ல” என்றாள் ரிஷோ. “ஆனா கதவைச் சாத்திக்கோ. எங்கம்மா காலத்துல ஒருத்தி தெரியாமத் தொறந்துட்டா. ஒரு பேருக்கு அடுப்பங்கரையில ஒரு இடம்தான். வேற ஒருத்தி உள்ள வந்துட்டா உன்னோடவ என்னைக்கும் வெளியதான். கதவுக்கு அடியில கோழி நுழையிற ஓட்டை இருக்குல்ல? அது வழியாக் கை நீட்டச் சொல்லு. தொட்டுப் பாரு. சில்லுன்னு இருந்தா அது கூரைக்கடியில இருக்கிறவ. போகச் சொல்லு. சூடு இருந்தா மட்டும் தொற.”

லாந்தர் நகர்ந்தது. பிறகு நின்றது.

“பெரோனெல். அதுல ஒண்ணு என்னோடது. எதுன்னு உனக்குத் தெரியாது. அதை மட்டும் கொஞ்சம் பொறுமையா அனுப்பு.”

பெரோனெல் வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டாள். அடுப்பு அணையும் நிலையில் இருந்தது, விறகு போட நேரமில்லை. தரையில் மண்டியிட்டு, கோழி ஓட்டைக்கு அருகே முகத்தை வைத்துக் கத்தினாள்.

“ஒதியெர்ன்! ஒதியெர்ன்! வாடி என் தங்கமே!”

பனிக்குள்ளிருந்து கால்கள் வந்தன.

பல கால்கள். எவ்வளவு நாளாகக் காத்திருந்தனவோ, அவ்வளவு வேகம். இந்தத் தடவை பத்தடியில் நிற்கவில்லை. கதவுக்கு வந்து, கதவை ஒட்டி நின்றன. ஈர மண் வாசனையும் நனைந்த துணி வாசனையும் ஓட்டை வழியாக உள்ளே வந்தன.

“அம்மா” என்றது ஒரு குரல்.

“கையை நீட்டு கண்ணு.”

சின்னக் கை ஒன்று உள்ளே வந்தது. பெரோனெல் தொட்டாள். கிணற்றுக்குள் கையை விட்டதுபோல இருந்தது. அலறியிருப்பாள். ரிஷோவின் குரல் காதில் இருந்தது. இது அவளுடையதாக இருக்கலாம். அந்தக் கையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டாள்.

“உங்க அம்மா உன்னை மறக்கல. தெனமும் நினைக்கிறா. நான் உன் அம்மா இல்லம்மா. போய்த் தூங்கு. கூரைக்கடியில உன் இடத்துல போய்த் தூங்கு.”

அந்தக் கை கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு போய்விட்டது.

“அம்மா” என்றது அடுத்த குரல்.

இரண்டாவது கை. அதுவும் சில். ஒருவேளை இது ரிஷோவுடையதோ? இதையும் அவசரமாகத் தள்ள அவளுக்கு மனசு வரவில்லை. பிடித்துக்கொண்டாள், தடவினாள், அதே வார்த்தைகளைச் சொன்னாள். மூன்றாவது. நான்காவது. ஒன்றும் முண்டவில்லை, ஒன்றும் அடம்பிடிக்கவில்லை. நல்ல பிள்ளைகள். தங்கள் முறை வரும்வரை நின்று, கை நீட்டி, அம்மா என்று சொல்லி, இல்லை என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

யாரும் கொஞ்சாத கைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய் இந்த ஊரில் எங்கோ உட்கார்ந்திருக்கிறாள். பெரோனெல் அழுதுகொண்டே அத்தனையையும் பிடித்துக் கொஞ்சி அனுப்பினாள். எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. நடுநடுவே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், தன்னுடையவள் எங்கிருந்தாவது கேட்கட்டும் என்று.

கடைசியில் ஒரே ஒரு ஆள்தான் வெளியே நிற்பது தெரிந்தது.

“அம்மா.”

அந்தக் குரல் நடுங்கியது. எல்லாக் குரலும் நடுங்கித்தான் இருந்தன.

கை உள்ளே வந்தது. பெரோனெல் பிடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. சில்லென்றுதான் இருந்தது. அவள் விரல்களுக்கு இப்போது எல்லாமே சில்லென்றுதான் இருந்தது. மணிக்கட்டுவரை மரத்து, மாவு காய்ந்து பட்டைகட்டி, தன் கையையே தன்னால் உணர முடியவில்லை.

“நீயும் இல்லையா?” என்று கேட்டு அவள் விம்மினாள். “நீயும் போ கண்ணு. நான் உன் அம்மா இல்ல.”

இந்தக் கை போகவில்லை. அவள் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“அம்மா. அம்மா.”

“விடுடி. என் பொண்ணு வெளிய தனியா இருக்கா. அவ வர்ற நேரம். வழியை விடு. சுவரோரம் உன் இடத்துல போய்ப் படு.”

பிடி தளரவில்லை. பெரோனெல் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

கால்கள் மெதுவாக விலகிப் போயின.

பிறகு யாரும் வரவில்லை.

ரிஷோ கழுதையை மட்டும் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“வந்தாளா?”

“இல்ல. எல்லாக் கையும் சில்லுன்னுதான் இருந்துச்சு.”

ரிஷோ கழுதையின் கயிற்றைக் கீழே விட்டாள். “என்னோடவ...”

“எல்லாரையும் பொறுமையாத்தான் அனுப்புனேன் அக்கா. எல்லாரையும் கொஞ்சித்தான் அனுப்புனேன்.”

ஆண்கள் தீப்பந்தங்களோடு குளத்தையும் சதுப்பையும் அலசினார்கள். வீட்டின் பக்கத்தில் யாரும் தேடவில்லை. இவ்வளவு கிட்டே இருந்தால் வந்திருக்க மாட்டாளா என்பதுதான் எல்லோர் நினைப்பும்.

விடிந்ததும் பனி விலகியது. பெரோனெல்தான் முதலில் பார்த்தாள்.

ஆலயத்தின் வடக்குச் சுவரோரம், அந்த உயர்ந்த புல்லுக்குள், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில், அவள் மகள் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். போய்ப் படு என்று சொன்னால் படுக்கும் பிள்ளை. தலைமுடியில் பனி உறைந்திருந்தது. வலது கையின் ஐந்து விரல்களிலும், மணிக்கட்டிலும், சட்டைக் கையின் ஓரத்திலும் ரொட்டி மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

பெரோனெல் அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

“வந்தா” என்றாள். “கடைசியா நின்னா. சின்னவங்களை முதல்ல விட்டுட்டு நின்னா. நான்தான் போகச் சொன்னேன்.”

ரிஷோ அவளைப் பிடித்துக்கொள்ள வந்தாள். பெரோனெல் அவள் கையைத் தட்டிவிட்டாள். யாருடைய கையும் தன்மேல் படுவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

ஏழு வயதுப் பிள்ளைக்கு முறையான கல்லறைத் தோட்டத்திலேயே இடம் உண்டு என்றார் பங்குச்சாமி.

“அங்க அவளுக்கு யாரையும் தெரியாது சாமி” என்றாள் பெரோனெல். ஓபெரியின் உளிகளில் ஒன்றை எடுத்து, உறைந்த மண்ணை அவளே கொத்த ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வந்து கூட உட்கார்ந்து கையால் மண்ணை அள்ளினார்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு ஆயர் வந்தார். மாற்றுவதற்குப் பெயர் எதுவும் இல்லை. அன்றே போய்விட்டார்.

அன்று பொழுது சாயும் நேரம், மூன்று வாரமாக அந்த நேரத்தில் திறக்காத தன் கதவை பெரோனெல் திறந்தாள். சுவரோடு சுவராக ஒட்டும்வரை அகலமாகத் தள்ளினாள். இருந்த விறகையெல்லாம் அடுப்பில் போட்டாள். எந்த ஒதியெர்ன் வந்தாலும் வரட்டும், உட்காரட்டும். அவளிடம் இனி யாருக்காகவும் காத்து வைக்க இடம் எதுவும் இல்லை. வாசலில் நின்று, அந்த ஊரே கேட்கும்படி அந்தப் பெயரைக் கூப்பிட்டாள்.

எதிர்வீடுகளின் கதவுகள் திறந்தன.

கால்கள் வந்தன. நிலைக்கல்வரை வந்தன. திறந்த வாசலுக்கு முன்னால் நின்றன. ஒன்றும் உள்ளே வரவில்லை.

“வாங்க” என்றாள் பெரோனெல். “இனிமே யாரையும் போகச் சொல்ல மாட்டேன். வாங்க.”

யாரும் அசையவில்லை.

அப்போது அவளுக்குப் பின்னால், அறைக்குள்ளே, மரத்தில் ஏதோ உரசியது.

திரும்பினாள். கதவு சுவரோடு ஒட்டிக்கிடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. அந்தக் கதவின் அடியில், கோழி ஓட்டை வழியாக, ஒரு சின்னக் கை வெளியே நீண்டிருந்தது. விரல்களில் மாவு காய்ந்து ஒட்டியிருக்க, உள்ளங்கையை மேலே காட்டிக்கொண்டு, முறை வரட்டும் என்று காத்திருந்தது.

பெரோனெல் மண்டியிட்டு அந்தக் கையைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.